சீட்டில் எழுதப்படாதவை: புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களுக்காக மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: செயலர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை, மற்றும் அரசு மருத்துவக் கல்லூரிகளின் சிறுநீரியல், புற்றுநோயியல் துறைத் தலைவர்கள்.

பொருள்: புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற ஆண்களின் பிற்கால வாழ்க்கை நிலையைக் கேட்டறிந்து பதிவு செய்தல் – கோரிக்கை – தொடர்பாக.

பார்வை: 2017 முதல் நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் புறநோயாளிச் சீட்டுகள்.

ஐயா, அம்மையீர்,

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 34 ஆண்டுகள் கழித்துத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பதிவேட்டில் ஏறாதது அலுவலகத்தைப் பொறுத்தவரை நடக்காதது என்பதை அந்த வேலை எனக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்தது. ஒருவர் தலைமுறை தலைமுறையாக உழுதுவரும் நிலமாகவே இருக்கட்டும், அடங்கலில் அவர் பெயர் இல்லையென்றால் வறட்சி நிவாரணம் அவர் வீட்டு வாசலை மிதிக்காது. கடந்த எட்டு ஆண்டுகளாக நோயாளியாக இருந்து பார்த்ததில், மருத்துவமனையும் ஓர் அலுவலகம்தான் என்று எனக்குத் தெரிந்தது. என் சீட்டுகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பது ஒரே ஓர் எண், பி.எஸ்.ஏ.; புராஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் கலக்கவிடும் ஒரு புரதத்தின் அளவு அது. எழுதப்படாதவற்றைப் பற்றியதே இந்த மடல்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் எனக்கு 61 வயது. பி.எஸ்.ஏ. 11.4 என்று வந்து, ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்த்ததில் புற்று உறுதியானது. திறந்த அறுவையில் புராஸ்டேட் சுரப்பியை முழுவதுமாக எடுத்தார்கள். 2019-இல் எண் மெல்ல ஏறத் தொடங்கியதும் 33 நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். கூடவே ஆறு மாத காலத்துக்கு ஹார்மோன் ஊசி இரண்டு முறை. இன்று எண் அளவிட முடியாத அளவுக்குக் கீழே இருக்கிறது. நான் உயிரோடு இருந்து இதை எழுதுவதற்குக் காரணமானவர்கள் அந்த மருத்துவர்களும் செவிலியர்களும்தான். அவர்களின் கைத்திறன் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், மறுபரிசோதனை அறையில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டுவேன். மருத்துவர் எண்ணைப் பார்ப்பார், முகம் மலரும். “சூப்பர், பூஜ்யம் பாயிண்ட் பூஜ்யம் ரெண்டு. வேற ஒண்ணும் தொந்தரவு இல்லையே?” என்பார். கேள்வியிலேயே பதிலும் இருக்கும். எனக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் நிற்பார்கள், பக்கத்தில் பயிற்சி மருத்துவரான ஒரு பெண்பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும், என் மகன் தோளுக்குப் பின்னால் நிற்பான். அந்த இடத்தில் 60 வயதைக் கடந்த ஒரு மனிதர், வேட்டியில் சிறுநீர் கசிகிறது என்றோ மனைவியோடு படுப்பதில்லை என்றோ எப்படிச் சொல்வார்? “ஒண்ணும் இல்லைங்க” என்பேன். சீட்டில் ‘நலம்’ என்று எழுதுவார்கள். ‘நலம்’ என்று எழுதிய பதினொரு சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன.

அந்த ‘நலம்’ வீட்டில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். அறுவை முடிந்து ஐந்தாம் மாதம் என் மகள்வழிப் பேத்திக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும். என் மகனுக்கு அப்போது வெளிநாட்டில் வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே தாத்தா மடியிலேயே குத்திவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஊசி குத்தும்போது குழந்தை துள்ளும், அடிவயிற்றில் உதைக்கும், எனக்குக் கசியும், வெள்ளை வேட்டி ஊரறியக் காட்டிக்கொடுத்துவிடும். மூட்டுவலி என்று பொய் சொல்லிவிட்டுப் பந்தலின் கடைசித் தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். ஒன்றுவிட்ட மைத்துனர் மடியில் வைத்துக் குத்தினார்கள். என் மகள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அவளுக்குக் காரணம் தெரியவந்தது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். அன்றிலிருந்து இன்றுவரை நான் வெள்ளை வேட்டி கட்டுவதில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைக்கூட நானாகத்தான் பிறகு தெரிந்துகொண்டேன். சிறுநீரைத் தடுக்கும் வேலையை உடலில் இரண்டு வால்வுகள் பகிர்ந்து செய்கின்றன. சிறுநீர்ப்பைக்குக் கீழே, புராஸ்டேட்டை ஒட்டி இருக்கும் உள்வால்வு, சுரப்பியை எடுக்கும்போது பெரும்பாலும் அதோடு போய்விடுகிறது. மீதமிருக்கும் வெளிவால்வும் இடுப்படித் தளத் தசைகளும் இரண்டு பேர் வேலையை ஒருவராகச் சுமக்க வேண்டும். இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் அவை தோற்கின்றன. அந்தத் தசைக்கு அறுவைக்கு முன்பே பயிற்சி தொடங்க வேண்டும் என்பதை, அறுவையின்போது வைத்த சிறுநீர் டியூப்பை எடுத்து ஏழு மாதம் ஆனபின் வேறொரு ஊரில் ஓர் இயன்முறை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன்.

இது ஒரு தனி மனிதரின் துரதிர்ஷ்டம் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சில எண்களைத் தருகிறேன். பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை ஆள் சேர்த்து நடத்தப்பட்ட ‘புரொடெக்ட்’ ஆய்வில், புராஸ்டேட்டுக்குள் அடங்கிய புற்றுள்ள 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, உடனே சிகிச்சை தராமல் கண்காணிப்பு என்று மூன்றாகக் குலுக்கிப் பிரித்தார்கள். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, எந்தப் பிரிவில் இருந்தாலும் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதத்தினர் மட்டுமே. கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியவர்கள் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, 9 சதவீதத்துக்குச் சற்று மேல், என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உயிர் பிழைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. அன்றாட வாழ்க்கையில்தான் வேறுபாடு. அறுவை செய்துகொண்டவர்களில் 12 ஆண்டுகளுக்குப் பிறகும் கசிவுக்காகப் பேட் வைப்பவர்கள் 24 சதவீதம்; கண்காணிப்பில் 11, கதிர்வீச்சில் 8. மலக்கசிவு கதிர்வீச்சுப் பிரிவில் 12 சதவீதம், மற்ற இரண்டிலும் 6. உறவுக்குப் போதுமான விறைப்பு ஏழாம் ஆண்டில் அறுவைப் பிரிவில் 18 சதவீதத்தினருக்கே இருந்தது. கண்காணிப்பில் அது 30, கதிர்வீச்சில் 27. பன்னிரண்டாம் ஆண்டில் வயதும் சேர்ந்துகொள்ள மூன்று பிரிவும் கீழே வந்து ஒன்றாகிவிட்டன.

இந்த எண்களை நான் வியந்து படித்ததன் காரணம் வேறு. இவை அவர்களிடம் இருப்பதற்குக் காரணம், அவர்கள் கேட்டார்கள் என்பதுதான். சிகிச்சைக்கு முன்பு ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும், எத்தனை முறை கசிகிறது, எத்தனை பேட், மலம் எப்படி, விறைப்பு எப்படி, மனம் எப்படி என்று தாளில் கேட்டு வாங்கி வைத்தார்கள். நம்மிடம் 1980-களின் தொடக்கத்திலிருந்தே சென்னையில் புற்றுநோய்ப் பதிவகம் இயங்குகிறது; 2012-இலிருந்து மாநிலம் முழுவதற்குமான பதிவுத் திட்டமும் இருக்கிறது. எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று நம்மால் சொல்ல முடிகிறது. வந்து, பிழைத்து, வீடு திரும்பியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கத்தான் எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை.

எனக்கு முன்பே இவற்றைச் சொல்லியிருந்தால் வேறு சிகிச்சையைத் தேர்ந்திருப்பேனா? என் நோயின் தரத்துக்கு அநேகமாக அறுவையைத்தான் தேர்ந்திருப்பேன். ஆனால் தெரிந்து கையெழுத்துப் போடுவதும், சம்மதப் படிவத்தின் புள்ளிக்கோட்டில் செவிலியர் விரல் வைத்த இடத்தில் போடுவதும் ஒன்றாகாது.

கதிர்வீச்சின் கதை இன்னும் மோசம், ஏனென்றால் அது உடனே வருவதில்லை. 33 நாளும் முடிந்து, நலமாக இருந்து, இரண்டு ஆண்டுகள் கழித்து 2021-இல் ஒரு நாள் மலத்தில் ரத்தம் வந்தது. மூலம் என்று நினைத்து மூன்று மாதம் லேகியம் தின்றேன். வெந்தயமும் மோருமாக வயிற்றைக் குளிர்வித்துப் பார்த்தேன். இரவில் மட்டும், அடுத்த புற்று வந்துவிட்டது என்ற நினைப்பு. கடைசியில் குழாய் விட்டுப் பார்த்தபோதுதான், கதிர்பட்ட மலக்குடலின் உட்சுவரில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நலிந்து கசிகின்றன என்றும், இது சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வரக்கூடியது என்றும் தெரிந்தது. ஆர்கான் வாயுக் கருவியால் இரண்டு தடவை சுட்டு நிறுத்தினார்கள். கதிர்வீச்சு முடிந்த அன்று “பின்னாளில் ரத்தம் வரலாம், வந்தால் மூலம் என்று நீயே முடிவு செய்யாமல் இங்கே வா” என்று சீட்டில் இரண்டு வரி எழுதியிருந்தால் அந்த மூன்று மாதம் எனக்கு மிச்சம்.

ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி என்னைவிடச் சொல்லத் தகுதியானவர், என்னோடு புறநோயாளிப் பெஞ்சில் உட்கார்ந்து பழக்கமான கோவில்பட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர். முதுகுவலி என்று வந்தவருக்கு நோய் எலும்பில் பரவியிருந்தது; நம் ஊரில் பலருக்கும் இப்படித்தான் தெரியவருகிறது. விதைகளில் சுரக்கும் ஆண் ஹார்மோன் நின்றால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் 1941-இல் காட்டினார்; அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றைக்கும் சிகிச்சையின் அடிப்படை அதுதான். மாதக்கணக்கில் ஊசிக்கு அலைய முடியாது என்று அண்ணன் விதைகளை எடுக்கும் அறுவைக்கே ஒப்புக்கொண்டார். ஒரே நாளில் முடிந்தது. மார்கழிக் காலையில் பெஞ்சில் மற்றவர்கள் துண்டைப் போர்த்தியிருக்க, அவர் மட்டும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஸ்கேன் உறையால் விசிறிக்கொண்டிருப்பார், கழுத்தில் வியர்வை ஓடும். “உடம்புல சூடு ஏறிப்போச்சு தம்பி, இளநி குடிச்சாலும் அடங்க மாட்டேங்குது” என்பார். மாதவிடாய் நிற்கும்போது பெண்களுக்கு வரும் அதே அனல்தான் இது, இதற்கு மாத்திரை உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மார்பு வீங்கியதை மறைக்கப் பெரிய சட்டையாகப் போட்டார். அந்தச் சுரப்பு இல்லாத உடலில் எலும்பின் அடர்த்தி குறையும், தசை கரையும், கொழுப்பும் சர்க்கரையும் ஏறும் என்பதும் அவருக்குத் தெரியாது. மூன்றாம் ஆண்டில் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. புற்று பரவிய இடத்தில் முறியவில்லை, எலும்பே மெலிந்துபோயிருக்கிறது என்று படத்தைப் பார்த்த எலும்பு மருத்துவர் சொன்னாராம். சிகிச்சை தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஒரு டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, பளுவோடு கூடிய உடற்பயிற்சி, தேவைப்பட்டால் எலும்பைக் காக்கும் ஊசி என்று ஒரு வழக்கம் மருத்துவத்தில் இருக்கத்தான் செய்கிறது. அது அவர் பெஞ்சுக்கு வந்து சேரவில்லை.

அடுத்து எழுதப்போவதைத் தமிழில் எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. புராஸ்டேட்டின் இரு பக்கமும் நூல்போல ஓடும் நரம்புகளே விறைப்புக்குக் காரணம் என்று கண்டு, அவற்றைக் காப்பாற்றி அறுக்கும் முறையைப் பேட்ரிக் வால்ஷ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1982-இல் செய்துகாட்டினார். காப்பாற்ற முடிந்தாலும் நரம்புகள் தேறி வர ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டுகள் ஆகும். என்னைப் போன்ற சிலருக்குத் தேறுவதே இல்லை. மாத்திரை, வெற்றிடக் கருவி, ஊசி என்று உதவிகள் இருக்கின்றன. ஆனால் இந்த மாநிலத்தில் ‘ஆண்மைக் குறைவு’ என்ற சொல்லை உரக்கச் சொல்பவர்கள் பேருந்து நிலையச் சுவரொட்டிக்காரர்களும், லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்களும், நள்ளிரவுத் தொலைக்காட்சிக்காரர்களும்தான். இத்தகைய விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருந்தும் சுவர்கள் காலியாக இல்லை. படித்தவர்கள் பேசாத இடத்தில் அவர்கள் கடை விரித்திருக்கிறார்கள். நானும் ஒரு முறை 4,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அந்தச் சூரணத்தைக் கழிவறையில் கொட்டியபோது என் மனைவி பார்த்துவிட்டாள். அன்று இரவுதான், அறுவைக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, நாங்கள் இருவரும் இதைப் பற்றி முதன்முதலாகப் பேசினோம். தன்னை வேண்டாம் என்று நான் ஒதுக்கியதாகவே அவள் அத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். விடியுமுன் என் வேட்டிகளை அலசிக் கொல்லைப்புறக் கொடியில் யாரும் பார்க்காமல் உலர்த்தியவளும் அவள்தான். சிகிச்சைக்கு முன் மருத்துவர் அவளையும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்த்திப் பத்து நிமிடம் பேசியிருந்தால், அந்த நான்கு ஆண்டுகள் அப்படிப் போயிருக்காது.

துறை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், முதலில் கேட்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். ‘எபிக்-26’ என்று 26 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது; சிறுநீர், மலம், பாலுறவு, ஹார்மோன் விளைவுகள் அனைத்தும் அதில் அடங்கும். அதை மக்கள் பேசும் தமிழில் அச்சிட்டு, சிகிச்சைக்கு முன் ஒரு முறையும் அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் நிரப்பி, பி.எஸ்.ஏ. எண்ணுக்குப் பக்கத்தில் சீட்டிலேயே சேர்க்க வேண்டும். முன் ஒரு முறை என்பதை வலியுறுத்துகிறேன். இல்லாவிட்டால் எதற்கும் “வயசாச்சுல்ல” என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். நிரப்புவதற்கு மருத்துவர் தேவையில்லை, பயிற்சி பெற்ற ஓர் ஆண் செவிலியரும் சாத்திய கதவும் போதும்.

இரண்டாவது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் பற்றியது. சர்க்கரை மாத்திரையோடு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்பும் வீடு தேடி வரும் அந்தத் திட்டத்தின் பட்டியலில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடுப்படித் தசைப் பயிற்சி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அறுவைக்குப் பின் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தும் ஓராண்டு முடிவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்று 2011-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வந்தது. அதனால்தான், ஓராண்டு தாண்டியும் கசிவு நிற்காதவர்களுக்கு சிறுநீர்க்குழாயைத் தாங்க வார் பொருத்தும் அறுவையும் செயற்கை வால்வும் காப்பீட்டுத் திட்டத்தில் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்கிறேன். செயற்கை வால்வின் விலையைக் கேட்ட அன்று, நான் மருத்துவமனைப் படியிலேயே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

மற்றொன்று மிகச் சிறியது, அதனாலேயே மறந்துபோவது. வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் வழங்கும் ‘புதுயுகம்’ திட்டத்தை நடத்திய அரசு இது. பேட் கொள்முதல் செய்வதும், கிராமம் வரை கொண்டுசேர்ப்பதும், கூச்சத்தை உடைப்பதும் இதற்குப் புதிதல்ல. எங்களுக்கு மருந்துக் கடையில் கிடைப்பது படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கான டயப்பர்; அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆண்களுக்கென்று சிறிய பேட் மலிவாகக் கிடைக்க வழி செய்யுங்கள். அத்தோடு, ஆண்கள் கழிப்பறையில் ஒரு குப்பைத் தொட்டி வையுங்கள். நனைந்த பேடைச் செய்தித்தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டு, திருநெல்வேலியிலிருந்து மதுரை வரை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போயிருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் அதை மதியச் சாப்பாடு என்று நினைத்திருப்பார். பிரிட்டனில் ஆண்கள் கழிப்பறைகளில் தொட்டி வைக்கச் சொல்லி ஒரு புராஸ்டேட் புற்றுநோய் அமைப்பு இயக்கமே நடத்துகிறது. இங்கே இயக்கம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும் என்று 34 ஆண்டுகள் சுற்றறிக்கை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் சிகிச்சை பெறும் துறையில் செவ்வாய்க்கிழமைகளில் புராஸ்டேட் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். எட்டரை மணிக்குச் சீட்டுக் கொடுப்பார்கள், மருத்துவர் வர பத்தாகும். அந்த ஒன்றரை மணி நேரம் நாங்கள் முப்பது பேர் பெஞ்சில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம். படிவத்தையும் ஓர் அறையையும் துறை தருமானால், எழுதத் தெரியாதவர்களுக்கு உடனிருந்து நிரப்பித் தர நான் வருகிறேன். எனக்கு ஊதியமோ பயணப்படியோ வேண்டாம். கோவில்பட்டி அண்ணன் இப்போது ஊன்றுகோலோடு வருகிறார். முதல் படிவம் அவருடையதாக இருக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.